பத்தில் நாலு பங்கு

காலை ஏழு மணிக்கெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடிக்கும். கையில் தூக்குவாளி, இடுப்பில் பிள்ளை என்று பெண்கள் ஓடிவருவார்கள். “டீச்சர், இவன் இன்னும் மூஞ்சிகூடக் கழுவல, பாத்துக்கிடுங்க” என்று பிள்ளையை என் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு வேன் ஏறிவிடுவார்கள். பால்வாடி திறக்க இன்னும் நேரம் கிடக்கும். வேன் நிற்காதே! எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதே கதைதான். பால்வாடிப் பலகையில் ‘அங்கன்வாடி மையம்’ என்றிருக்கும். ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை.

பால்வாடிச் சாப்பாட்டுக்குப் பணம் எப்படி வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு. அரிசியும் பருப்பும் எண்ணெயும் முட்டையும் பொருளாக வந்துவிடும். காய்கறிக்கும் தாளிதத்துக்கும் விறகுக்கும், பிறகு கேஸுக்கும், தலைக்கு இவ்வளவு என்று காசு. ‘உணவூட்டுச் செலவு’ என்பார்கள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்களோ அத்தனை பேருக்குத்தான் கணக்கு.

ஐப்பசி மழையில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். இருபது வர வேண்டிய இடத்தில் எட்டுப் பிள்ளைகள் வரும். எட்டுப் பேர் காசில் குழம்பு வைக்க வேண்டும். அடுப்பு எட்டுப் பேருக்கென்று சின்னதாகவா எரியும்? ஒருமுறை அந்தக் காசும் மூன்று மாதம் வரவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். “வரும்போது வரட்டும் டீச்சரம்மா, பிள்ளைகளுக்குத்தான” என்றார். ஆயாம்மா தன் வீட்டு முருங்கையை ஒடித்து வந்து போடுவாள். அதற்கு எந்த ரிஜிஸ்டரிலும் பத்தி கிடையாது.

தலைக்கணக்கு பழைய வழக்கம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டபோதே, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்றுதான் எழுதியது. தலைவர் தியாகராயச் செட்டியார். சில ஆண்டுகளில், கல்விப் பணத்தை இதற்குச் செலவழிக்கக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுக்க, அது நின்றுபோனது.

1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தது எங்கள் எட்டயபுரத்தில். அப்போது இது திருநெல்வேலி மாவட்டம். பாரதி பிறந்த ஊர் என்பதைச் சொல்லும் அளவுக்கு இதை நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தத் திட்டத்தில் செலவில் பத்தில் ஆறு பங்கு அரசுடையது, நாலு பங்கு ஊருடையது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துப்போட்டு வாரக்கடைசியில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததாக என் மாமியார் சொல்வார். அவர் வீட்டிலேயே அரை வயிற்றுக் கஞ்சிதான்.

மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபோது இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பால்வாடியில் தட்டு கிடைத்தது. செலவு முழுக்க அரசுடையதானது. ரொம்ப நல்லது, பசிக்கு நன்கொடையை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. ஆனால் ஊரின் அந்த நாலு பங்கு தாளிலிருந்து மட்டும்தான் போனது. ஒழுகும் ஓட்டுக்கு ஊராட்சித் தீர்மானம் வரும்வரை பிளாஸ்டிக் ஷீட் வாங்கிப் போட்டவர் ஒரு பிள்ளையின் தாத்தா.

செலவு முழுக்க அரசுடையது என்றாலும் எங்கள் சம்பளத்தை ரொம்ப நாள் ‘மதிப்பூதியம்’ என்றார்கள். சம்பளம் என்றால் உரிமை வந்துவிடுமாம். அங்கன்வாடிப் பணியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022-இல்தான்.

ஊரின் பங்காக இப்போதெல்லாம் பிறந்தநாள் என்றால் பால்வாடிக்கு கேக் கொண்டுவருகிறார்கள். கேக் வேண்டாம். மத்தியானம் பிள்ளைகள் எதில் படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பாய் கிழிந்திருந்தால் இரண்டு கோரைப்பாய் வாங்கிக் கொடுங்கள்.