கேதார யாத்திரையும் ஆகாய மார்க்கமும்

ஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய, உத்தராகண்டத்திலுள்ள திருக்கேதாரத்தை ஆயுளில் ஒரு முறையேனும் தரிசித்துவிட வேண்டும் என்னும் ஆவல் தமிழ்நாட்டுச் சைவக் குடும்பங்களில் இன்றும் தணியாதிருப்பதால், கௌரிகுண்டத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் மலையேற இயலாத முதியோர், குப்தகாசி, பாட்டா, சிர்சி ஆகிய இடங்களிலிருந்து சில நிமிஷங்களில் கொண்டு சேர்க்கும் ஹெலிகாப்டரை நாடுவது இயல்பே. ஆயினும் அச்சில நிமிஷங்களில் அடங்கியுள்ள அபாயத்தையும், அபாயம் நேர்ந்தால் சட்டம் அளிக்கும் பரிகாரத்தையும் அறிந்து ஏறுவோர் மிகச் சிலரே.

2022 அக்டோபர் 18ஆம் தேதி, தரிசனம் முடித்துத் திரும்பியவர்களை ஏற்றி வந்த ஆரியன் ஏவியேஷன் நிறுவனத்தின் பெல் 407 ஹெலிகாப்டர், மேகம் சூழ்ந்த கருட சட்டிக்கு அருகே மலைச்சரிவில் மோதி, விமானி உட்பட 7 பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 2025 ஜூன் 15ஆம் தேதி அதிகாலையில், அதே நிறுவனத்தின் அதே ரக ஹெலிகாப்டர், அதே பள்ளத்தாக்கில், கௌரிகுண்டத்தை அடுத்து விழுந்து, இரண்டு வயதும் நிரம்பாத ஒரு குழந்தையோடு மீண்டும் 7 உயிர்கள் போயின. ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே அது பறந்தது என்பது பின்னர்ப் பதிவான வழக்கிலுள்ள குற்றச்சாட்டு. கேதாரம் உள்ளிட்ட நான்கு தலங்களைக் கொண்ட சார் தாம் யாத்திரையில் அந்நிறுவனத்தின் சேவை நிறுத்தப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் விமானிகள் இருவரின் உரிமம், மோசமான வானிலையில் பறந்தமைக்காகத் தற்காலிகமாகப் பறிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதந்தான், கங்கோத்திரி மார்க்கத்தில் கங்நானி அருகே மற்றொரு நிறுவனத்தின் ஹெலிகாப்டர் விழுந்து 6 பேர் இறந்திருந்தனர்.

இவற்றை விதியின் செயல் என்று ஒதுக்கிவிடலாகாது. கேதாரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,580 மீட்டர் உயரத்திலுள்ளது; அங்கே காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டர் சுமக்கவல்ல பாரமும் குறைகிறது; ஆகவே ஏறுமுன் பயணிகளை எடை பார்ப்பது வெறும் சம்பிரதாயமன்று. இச்சேவையில் ஓடுபவை பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் கொண்டவை. விமானி கண்ணால் கண்டே செலுத்தவேண்டியிருப்பதால், குறுகிய பள்ளத்தாக்கில் மேகம் திடீரென இறங்கினால், முன்னே செல்லவும் வழியின்றி, திரும்பவும் இடமின்றித் திகைக்க நேர்கிறது. தரிசன காலம் குறுகியது, காத்திருப்போர் பலர், ஒரே நாளில் எத்தனை நடை பறக்கிறதோ அத்தனை வருமானம் என்ற நிலையில், நிறுவனத்தின் லாப நோக்கமும் யாத்திரிகரின் அவசரமும் ஒன்றுசேர்ந்து விமானியை நிர்ப்பந்திக்கின்றன. இந்நிர்ப்பந்தத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆகையால் யாத்திரிகர் முதலாவதாகச் செய்யத்தக்கது, திட்டத்தில் ஓரிரு நாளை உபரியாக வைத்துக்கொள்வதே. மறுநாள் ரயிலைப் பிடித்தாக வேண்டியவர்தாம், வானம் மூடியிருக்கையிலும் புறப்படச் சொல்லி வற்புறுத்துவார். டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் அதிகாரபூர்வ தளத்தில் மட்டுமே வாங்க வேண்டும். இடைத்தரகரிடம் வாங்கியவருக்கு, வானிலையால் சேவை ரத்தாகும்போது பணத்தைத் திரும்பக் கேட்க இடமில்லாமற் போகும். எடையை மறைக்காமல் கூறுவதும், விசிறி சுழலும் ஹெலிகாப்டரின் பின்புறம் ஒருபோதும் செல்லாதிருப்பதும் அவசியம். ஏற மனம் ஒப்பாவிடில் மறுப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நிறுவனத்தின் பூர்வ வரலாற்றை அறிய விரும்புவோர், விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு வெளியிடும் அறிக்கைகளைப் படிக்கலாம். அவ்வறிக்கைகள் தண்டிப்பதற்காக அல்ல, காரணத்தை அறிந்து மீண்டும் நேராமல் தடுப்பதற்காகவே எழுதப்படுவன. எனவே அவற்றைப் படிப்பது பிரயாணியின் நலனுக்கே.

விபத்து நேர்ந்துவிட்டால், 1972ஆம் ஆண்டின் ஆகாய மார்க்கப் போக்குவரத்துச் சட்டம் குடும்பத்துக்குத் துணை நிற்கிறது. இச்சட்டப்படி, ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையில், நிறுவனத்தின் அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் மேல் இல்லை. அப்பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள நிறுவனம் டிக்கெட்டில் எழுதிவைக்கும் நிபந்தனையும் செல்லாது. அரசு அறிவிக்கும் கருணைத்தொகையைப் பெற்றதனால் இவ்வுரிமை அற்றுப்போகாது. ஆயினும் துக்கத்தின் மத்தியில் நீட்டப்படும் எந்தச் சமரசப் பத்திரத்திலும் வக்கீலின் ஆலோசனையின்றிக் கையொப்பமிடலாகாது. சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உத்தராகண்டம் வரை அலையாமல், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச்செய்யலாம். ஆனால் இரு வழிகளுக்கும் காலவரம்பு இரண்டே ஆண்டுகள்; விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து அந்த வரம்பைத் தவறவிடுவோருக்கு நியாயம் கிடைப்பது அரிது. டிக்கெட்டின் நகல், யாத்திரைப் பதிவு, பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது இதனால்தான் விவேகம். தனிப்பட்ட காப்பீட்டுப் பத்திரம் வைத்திருப்போர், அட்டவணையின்றிப் பறக்கும் சிறு ஊர்திகளை அது ஏற்கிறதா என்பதையும் முன்னதாகவே வாசித்தறிய வேண்டும்.

மேகத்தைக் கண்டு ஊர்தியைத் திருப்பிய விமானியைக் குறைகூறாத யாத்திரிகரும், அப்படித் திருப்பியதற்காக அவரைக் கடிந்துகொள்ளாத நிறுவனமும், கடிந்தால் தட்டிக்கேட்கும் அரசும் இருந்தால், 2022லும் 2025லும் நேர்ந்தவை மீண்டும் நேராமற் காக்கலாம்.