வீட்டு வாசலில் நிற்கும் ஜப்பான் கார்!

முதுகுளத்தூர் கடைவீதியில் நீங்கள் ஜப்பான் காரைப் பார்த்திருக்கிறீர்களா?

"ஜப்பான் காரா? நம் ஊரிலா?" என்று சிரிக்காதீர்கள். பார்த்திருக்கிறீர்கள். அதில் ஏறியும் இருப்பீர்கள். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் வந்து இறங்கியிருப்பார்கள். முதுகுளத்தூருக்கு ரயில் கிடையாது. நடு ராத்திரியில் பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பரமக்குடிக்கு ஏற்றிக்கொண்டு ஓடியதும் அந்தக் காராகவே இருக்கலாம்.

அதுதான் மாருதி 800!

பெயர் நம் ஆஞ்சநேயர் பெயர். ஆனால் என்ஜினும் உடம்பும் ஜப்பான் நாட்டுச் சுசூகி கம்பெனி வகுத்துக் கொடுத்தவை.

இப்போது அந்தக் காருக்கு வயதாகிவிட்டது. 2014 ஜனவரியில் கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. வேப்பமரத்து நிழலில் தூசி படிந்து நிற்கும் பழைய மாருதியை என்ன செய்வது? இதைப் பற்றிப் பல வீடுகளில் ஒரு வழக்கு நடக்கிறது.

"அப்பா! இதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவோம்" என்பான் மூத்த மகன்.

"வேண்டாம் அண்ணே! மேல் கூரையை வெட்டிப் பெரிய சக்கரம் மாட்டினால், ஊரே திரும்பிப் பார்க்கும்" என்பான் இளையவன்.

"சும்மா கிடங்கடா! உங்க ஆத்தாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி அது" என்பார் அப்பா.

மூன்று பேரில் யார் கட்சி சரி? தீர்ப்புச் சொல்லும் முன், ஒரு நடை ஜப்பானுக்குப் போய் வருவோம்.

தறியில் பிறந்த கார்

பரமக்குடியில் தறிச் சத்தம் கேட்டிருப்பீர்கள். ஜப்பானின் கார்த் தொழிலும் தறிச் சத்தத்தில்தான் பிறந்தது!

1909-ம் வருஷம் ஹமாமட்சு என்ற ஊரில் மிச்சியோ சுசூகி என்பவர் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். அதுதான் பின்னால் சுசூகி மோட்டார் கம்பெனி ஆயிற்று. டொயோட்டா கம்பெனியின் கதையும் இதேதான். சாகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், தானே ஓடும் தறியைக் கண்டுபிடித்தார். நூல் அறுந்தால் அந்தத் தறி தானாகவே நின்றுவிடும். 1929-ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று அதன் உரிமையை விலைக்கு வாங்கியது. அதன் பிறகு அவருடைய மகன் காரில் கவனத்தைத் திருப்பினார். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது.

சுசூகியின் முதல் கார் 1955-ல் வந்தது. அதன் என்ஜின் வெறும் 360 சி.சி. இன்றைய மோட்டார் சைக்கிள் என்ஜின் அளவுதான்! போரில் அடிபட்ட நாடு, குறுகலான தெரு, கையில் காசும் இல்லை. ஆகவே சின்னக் காருக்கு வரிச் சலுகை கொடுத்தது ஜப்பான் அரசாங்கம். சின்னக் கார் செய்வதில் ஜப்பான்காரர்கள் மன்னர்கள் ஆனது இப்படித்தான்.

அந்தச் சுசூகி கம்பெனியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஒசாமு சுசூகி. அவர் பிறந்தபோது அவருக்கு அந்தக் குடும்பப் பெயர் கிடையாது. நிறுவனரின் பேத்தியை 1958-ல் மணந்து, பெண் வீட்டுப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை! வீட்டோடு மாப்பிள்ளையைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1982 அக்டோபரில் இந்திய அரசாங்கத்தின் மாருதி கம்பெனியோடு அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 2024 டிசம்பரில், 94-வது வயதில் காலமானார். மறு வருஷம் இந்தியா அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

முதல் சாவி

1983 டிசம்பர் 14. குலுக்கலில் தேர்வான ஹர்பால் சிங் என்பவருக்கு முதல் மாருதி காரின் சாவியைக் கொடுத்தார் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். கோடீசுவரர் அல்ல. சாதாரணச் சம்பளக்காரர்.

அம்பாசடர் காரின் என்ஜின் 1,489 சி.சி. மாருதியின் என்ஜின் அதில் ஏறக்குறைய பாதிதான்: 796 சி.சி., மூன்று சிலிண்டர். "இது கார்தானா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஹர்பால் சிங் அந்தக் காரை விற்கவே இல்லை! 2010-ல் இறக்கும் வரை வைத்திருந்தார். அவருக்குப் பின் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்தது. பிறகு கம்பெனியே அதைப் பழுதுபார்த்து, தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது.

பழசுக்கு வந்த மவுசு

ஜப்பானில் பழைய காரைக் 'கியூஷா' என்பார்கள். அதற்கென்று அங்கே ஒரு பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது. யோகோஹாமா நகரில் டைக்கோகு என்று ஓர் இடம். நெடுஞ்சாலை ஓரம் வண்டிகள் இளைப்பாறும் இடம் அது. இரவானால் அங்கே கார்ப் பிரியர்கள் கூடிவிடுவார்கள். 1969-ல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் பந்தயக் காருக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயரில் 'ஹகோ' என்ற சொல் வருகிறது. ஹகோ என்றால் பெட்டி! பெட்டி மாதிரி இருக்கும் அந்தக் கார் இன்று பெட்டி பெட்டியாகப் பணம் கொண்டுவருகிறது.

காரை உருமாற்றுவதிலும் அவர்கள் சூரர்கள். தரையைத் தொடும்படி காரைத் தாழ்த்துவார்கள். புகைக் குழாயை ஆகாயத்தை நோக்கி நீட்டுவார்கள். அதற்குப் பெயர் 'மூங்கில் ஈட்டி'! நம் ஊர் லாரிக்காரர்கள் மயிலும் தாமரையும் எழுதுவதுபோல, அங்கே லாரி முழுவதும் சித்திரமும் மின்விளக்கும் வைத்து ஜோடிப்பவர்களும் உண்டு.

கூரையை வெட்டிய கதையும் ஒன்று இருக்கிறது. 1967-ல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக டொயோட்டா 2000 ஜி.டி. காரைக் கொண்டுவந்தார்கள். கதாநாயகன் ஷான் கானரி ஆறடிக்கு மேல் உயரம். தலை கூரையில் இடித்தது! கம்பெனியே கூரை இல்லாத கார் செய்து கொடுத்தது. மொத்தம் சுமார் 350 கார்தான் செய்தார்கள். ஏலத்தில் அதில் ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேலும் போயிருக்கிறது.

இளையவன் கவனிக்க!

"அப்படியானால் நானும் வெட்டலாமே!" என்று இளைய மகன் துள்ளுவான். பொறு தம்பி!

நம் நாட்டில் சட்டம் வேறு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. காரைச் செய்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக உடம்பை மாற்றக்கூடாது. கூரையை வெட்டினால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் காரும் ரோட்டில் ஓடும் காரும் ஒன்றல்ல. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் ஆபத்து. வர்ணம் மாற்றலாம், அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

மூத்தவனுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யை ரத்து செய்யாமல் எடைக்குப் போடாதே. வண்டியை உடைத்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவிக்காவிட்டால், துண்டு துண்டாகப் போன கார் கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நம்பரை ஒருவன் திருட்டுக் காரில் மாட்டினால், போலீஸ் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்!

அப்பாவின் கட்சிக்கும் செலவு உண்டு. 15 வருஷம் ஆன காரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022-ல் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். மாதம் இரண்டு முறை கோயிலுக்குப் போய் வரும் காருக்கு இது அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானிலும் 13 வருஷம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரி கூடுகிறது. அப்படியும் கியூஷாக்காரர்கள் விடுவதாக இல்லை.

அக்கரையில் நடந்த அதிசயம்

இராமேசுவரத்துக்கு அக்கரையில் இருக்கும் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே பழைய காரைக் காப்பாற்றியது ஆசை மட்டும் அல்ல, அவசியம். 1990-க்குப் பின், யுத்த காலத்தில் பெட்ரோல் போகத் தடை. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில துளி பெட்ரோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்! ஆஸ்டின், மாரிஸ் போன்ற பழைய இங்கிலீஷ் கார்கள் புகையைக் கக்கிக்கொண்டு நோயாளிகளைச் சுமந்தன. இது போன்ற உருமாற்றத்தை எந்தக் கண்காட்சியிலும் பார்க்க முடியாது.

2020-ல் இலங்கை அரசாங்கம் கார் இறக்குமதியை நிறுத்தியது. 2025-ல்தான் மறுபடி அனுமதித்தது. இடையில் பழைய ஜப்பான் கார்களின் விலை அங்கே எகிறிவிட்டது.

மாருதிக்கு வைத்தியம்

காரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், முதல் எதிரி உப்புக்காற்று. சாயல்குடிப் பக்கம் கடலோரம் போய் வந்தால், காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கால் மிதியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் துரு அங்கேதான் தொடங்கும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைபடக்கூடாது.

நின்றே கிடக்கும் காரை எலி விடாது, ஒயரைக் கடித்துவிடும். வாரம் ஒரு முறை என்ஜினைக் கிளப்பி, தெருக்கோடி வரையாவது ஓட்டி வாருங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. வெடிப்பு விட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் தீப்பிடிக்கும்.

கழற்றிப் போட்ட சாமான்களைத் தூக்கி எறியாதீர்கள். பழைய சக்கர மூடி, ஜாக்கி, கம்பெனி கொடுத்த கையேடு எல்லாம் பரண் மேலே இருக்கட்டும். காரணம் உண்டு. 2021-ல் மத்திய அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயது நிறைந்த கார், பிறந்த கோலத்திலேயே இருந்தால், அதற்குப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனிப் பதிவு உண்டு. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். கூரை வெட்டிய காருக்கு இந்தக் கௌரவம் கிடையாது.

ஆக, வழக்கில் அப்பாவுக்கே பாதி வெற்றி. மீதிப் பாதி, அந்த 10,000 ரூபாயை யார் கட்டுவது என்பதைப் பொறுத்தது!

ஹர்பால் சிங்குக்குச் சாவி கொடுத்த அந்த முதல் மாருதிக்கு 2033 டிசம்பர் 14-ல் வயது ஐம்பது.