துருவைப் பூசி மறைக்கும் வீடுகள்

கூரைத் தளத்தின் அடியில், கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு கீறல். ஓரத்தில் பழுப்புக் கறை. தட்டினால் பொத்தென்ற சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்பதற்கு இவையே அடையாளம். கடலோர ஊர்களில் பழைய கட்டடம், புதுக் கட்டடம் என்ற பேதமில்லாமல் இது தென்படுகிறது. பெரும்பாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: கொத்தனாரைக் கூப்பிட்டு, பெயர்ந்த இடத்தில் கலவையை அப்பி, மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். சில மழைக்காலம் போனதும் அதன் பக்கத்திலேயே காரை விழுகிறது.

ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைத்தால் இரும்பு ஆக்சைடாக மாறும், அதுதான் துரு. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி இதைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நாளடைவில் உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கும். உப்பிலுள்ள குளோரைடோ, காரம் இருக்கும்போதே படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. அங்கே பெயிண்ட் அடித்துப் பராமரிக்கவாவது ஆள் இருந்தது. தளத்துக்குள் கிடக்கும் கம்பியை யார் பார்ப்பது?

தடுக்க வேண்டிய நேரம் கான்கிரீட் போடும் நாள். ஐஎஸ் 456 விதிப்படி கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடி இருக்க வேண்டும்; கலவை குறைந்தது எம்30 தரம். கவர் பிளாக் வைப்பது இதற்காகத்தான். பல இடங்களில் ஜல்லித் துண்டைச் சொருகி வேலையை முடிக்கிறார்கள். வரைபட அனுமதி தரும் அலுவலகம் பக்கத்து இடைவெளியை அளக்கும். கம்பி மேல் எத்தனை மில்லி ஏறியது என்று அளக்க ஆள் வருவதில்லை. போர் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்தி அறிக்கை வாங்கலாம். கழுவாத கடல் மணல் கூடவே கூடாது. கம்பியில் ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

கறை தெரிந்த பிறகு முதல் வேலை பூசுவது அல்ல. பூசினால் துரு நிற்காது, சாட்சியம்தான் போகும். அளவுகோலை வைத்துத் தேதியோடு படம் எடுத்து, கட்டுமானப் பொறியாளரிடம் எழுத்து மூலம் அறிக்கை பெற வேண்டும். பில்டரிடம் வாங்கிய வீடு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு கைகொடுக்கும். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் குறையைத் தெரிவித்தால், 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தருவது பில்டரின் கடமை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதோடு நின்றுவிடாமல், பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 30 நாள் கடந்தால், திட்டம் பதிவு பெற்றதாக இருக்கும் பட்சத்தில், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் எம்; இழப்பீடு கேட்டால் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். விற்பனை ஒப்பந்தம், கட்டுமான ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, ஒப்படைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட வேண்டும். ஒப்படைப்புக் கடிதத்தில் தேதி இல்லையென்றால் 5 ஆண்டுக் கணக்கே தகராறாகும்.

சொந்த மனையில் கான்ட்ராக்டர் கட்டிய வீட்டுக்கு இந்த வழி இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. பொறியாளரோடு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பார்வையிடச் சொல்லித் தனி மனு போடலாம். அவர் வரும்வரை அந்த இடம் பூசப்படாமல் இருப்பது நல்லது.

தளம் தொங்கினால் காத்திருக்க முடியாது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு கொத்தி, கம்பியைப் பளபளக்கத் தேய்க்க வேண்டும். அதற்கு ஆசிட் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்; ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரைடைத்தானே கொண்டுவருகிறது! மெலிந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்த்து, துத்தநாகப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். குளோரைடு ஊறிய கான்கிரீட்டை ஓரத்தில் விட்டுவைத்தால் ஒட்டுக்கு அடுத்த கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். எவ்வளவு தூரம் கொத்த வேண்டும் என்பதைப் பொறியாளர் சாம்பிள் எடுத்துக் குளோரைடு பார்த்துச் சொல்ல வேண்டும், மேஸ்திரியின் கண்ணளவு போதாது.