கல்மரம் அறிந்த கலை

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஓர் அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. அதன் நீளம் 18 மீட்டர். அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை குறித்துள்ளது. அம்மரத்தைத் தன் மணலுக்குள் வாங்கிக்கொண்ட பழங்கடல், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லையும் படியவைத்துச் சென்றது. இன்று சிமிட்டி ஆலைகள் வெட்டியெடுப்பது அக்கல்லையே. அந்த மரம் தழைத்து நின்ற நாளில், அதன் இலைகள் பகல்தோறும் கதிரொளியால் நீரைப் பிளந்தன. அதே செயலைக் குறைந்த செலவில் செய்ய வேதியியலார் இன்று அரும்பாடு படுகின்றனர்.

1800இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்கல அடுக்கின் துணையால் நீரை நீரகமாகவும் உயிரகமாகவும் பிரித்துக் காட்டினர். கொள்கையளவில் இதற்கு 1.23 வோல்ட்டு போதும். நடைமுறையில் அது போதுவதில்லை. ஒரு கிலோ நீரகம் பெற ஒன்பது கிலோ நீரும், 50 அலகுக்கும் மேற்பட்ட மின்சாரமும் செலவாகின்றன. ஆற்றல் இழப்பின் பெரும்பங்கு உயிரகம் வெளிப்படும் நேர்மின்வாயில் நேர்கிறது. இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு மின்னணுக்களைப் பறித்தால்தான் ஓர் உயிரக மூலக்கூறு பிறக்கும். அவ்வினையை எளிதாக்குவதே வினையூக்கியின் பணி.

அமில ஊடகத்தில் இப்பணிக்கு இரிடியமும், நீரகம் எழும் எதிர்மின்வாயில் பிளாட்டினமும் கைகொடுக்கின்றன. ஆனால் உலகம் முழுதும் ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியம் பத்து டன்னுக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்தே வருகிறது. இவ்வளவு அரிய மாழையை (உலோகத்தை) நம்பி ஒரு நாட்டின் நீரக எரிபொருளைத் திட்டமிட இயலாது.

இலை அத்தகைய அரிய மாழைகளை நாடவில்லை. நான்கு மாங்கனீசு அணுக்கள், ஒரு கால்சியம் அணு, அவற்றை இணைக்கும் ஐந்து உயிரக அணுக்கள்: இச்சிறு கொத்தே இலையின் வினையூக்கி. அதன் நுண்ணமைப்பை 2011இல் சப்பானிய ஆய்வாளர்கள் தெளிவாகக் கண்டனர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கால்சியந்தான் இது!

மனிதரும் எளிய மாழைகளின் பக்கம் திரும்பியுள்ளனர். நிக்கல் மின்வாயில் மாசாகக் கலந்த சிறிதளவு இரும்பு, உயிரக வெளியீட்டைப் பெரிதும் விரைவுபடுத்துவதை 1987இல் காரிகன் என்னும் ஆய்வாளர் விளக்கினார். அன்று மாசாக இருந்த இரும்பு இன்று நிக்கலுக்கு உற்ற துணை. 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இவ்வழியில் உழைக்கிறது. இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் ஆகியவற்றின் கந்தகச் சேர்மங்களையும் பாசுபரசுச் சேர்மங்களையும் ஆராய்ந்து, 2016இல் அதன் அறிஞர்கள் விரிவான திறனாய்வொன்றை வெளியிட்டனர்.

எஞ்சியுள்ள இடர் நிலைப்பு. நிக்கலும் இரும்பும் காரத்தில் தாங்கும், அமிலத்தில் கரையும். இலையின் வினையூக்கியும் அழிவுக்கு விலக்கன்று. கடும் வெயிலில், அக்கொத்தைத் தாங்கும் புரதம் அரைமணி நேரத்திலேயே சிதையக்கூடும்; இலை உடனே புதியதை அமைத்துக்கொள்கிறது. ஆகவே நம் ஆய்வகங்கள் வினையூக்கியை முதல்நாள் வேகத்தால் மட்டும் மதிப்பிடலாகாது. அது எத்தனை ஆண்டு உழைக்கும், தேய்ந்தால் தன்னைத்தான் சீர்செய்யுமா என்பவற்றையும் உரைகல்லாகக் கொள்ளவேண்டும். விலை குறைந்த மாழையும் ஓயாத சீரமைப்பும் சேர்ந்ததே சாத்தனூர் மரம் அறிந்திருந்த கலை.