நாற்பத்தெட்டில் ஒரு பங்கு பொய்

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 11.23 மீட்டர். அதை 48இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 23.4 செ.மீ. மூக்கிலிருந்து வால் வரை 19 செ.மீ. இந்த அளவில் பிளாஸ்டிக் கிட் வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ஒரு விஷயம் உறைக்கும்: விமானத்தில் இருப்பதை எல்லாம் 48ஆல் வகுத்துவிட முடியாது. விமானியின் தலைக்கு மேல் வரும் கேனபி 1 மி.மீ. தடிமனில் வார்க்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். நிஜ அளவுக்குப் பெருக்கினால் அது 4.8 செ.மீ. தடிமன். இறக்கைத் தகடுகள் சேரும் இடத்தில் பள்ளமாக ஓடும் கோடு 0.2 மி.மீ. அகலம் என்றால், நிஜ விமானத்தில் அது ஏறக்குறைய 1 செ.மீ. இடுக்கு. அப்படி ஓட்டை உடைசலாக இருந்தால் ஸ்பிட்ஃபயர் மணிக்கு 580 கி.மீ. வேகத்தில் பறந்திருக்குமா?

ஆனால் அந்தக் கோட்டை நிஜ அளவுக்கே மெலிதாக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் பொம்மைதான் மிஞ்சும். எனவே கிட் தயாரிக்கிறவரும் சரி, கட்டுகிறவரும் சரி, கொஞ்சம் பொய் சொல்லியாக வேண்டும். எங்கே சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சூட்சுமமே இருக்கிறது. அக்கறையும் பொறுமையும் இருந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். பொறுமை கடையில் கிடைக்காதே தவிர, நாளடைவில் வந்துவிடும். எதை மிகைப்படுத்தலாம், எதை விட்டுவிடலாம் என்ற தீர்மானம்தான் லேசில் வராது.

ரிவெட் ஆணிகளை எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரீன் நிறுவனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஆணியின் தலை தகட்டோடு தகடாகப் படிய வேண்டுமென்றால் செலவு அதிகம், நேரமும் அதிகம். குமிழ்த் தலை ஆணி மலிவு. ஆனால் வேகம் குறையும். எங்கே எதைப் போடுவது? தலை படிந்த ஆணிகள் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொன்றாக ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு வரிசை வரிசையாகப் பருப்பைப் பெயர்த்துவிட்டு மறுபடி பறந்து பார்த்தார்கள். எல்லா ஆணி மேலும் பருப்பு இருந்தபோது வேகம் மணிக்குச் சுமார் 35 கி.மீ. குறைந்தது. முடிவில் இறக்கைக்குப் படிந்த தலை, உடலின் பின்பாதிக்குக் குமிழ்த் தலை என்று ஆயிற்று. 1950, 60களில் வந்த பல கிட்களில் இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. விமானம் முழுக்க அம்மைத் தழும்பாக ஆணி புடைத்திருக்கும். அந்தக் காலத்து ரசிகர்கள் உப்புத்தாளோடு உட்கார்ந்து அவற்றைத் தேய்த்தே களைத்தார்கள். இப்போது வரும் நல்ல கிட்களில் பின்பாதியில் மட்டும் மெல்லிய குமிழ்கள் தெரிகின்றன. அதுவும் கொஞ்சம் பெரிதுதான். ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால் கண் ஏற்றுக்கொள்கிறது.

இந்தச் சின்ன விமானங்களுக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விளையாட்டைத் தாண்டிய வேலை இருந்தது. 1930களில் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்கள் 72இல் ஒரு பங்கு அளவில் வந்தன. அந்த அளவில் நிஜத்தின் 6 அடி மாதிரியில் 1 அங்குலம். 1936இல் ஃப்ராக் நிறுவனம் அதே அளவில் பிளாஸ்டிக் கிட்களைக் கொண்டுவந்தது. இவை பறக்காது என்பதால் பெங்குவின் என்றே பெயர் வைத்தார்கள். போர் வந்ததும் வானத்தில் போவது நம்முடையதா எதிரியுடையதா என்று அடையாளம் காணும் பயிற்சிக்கு மாதிரிகள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடமே ஐந்து லட்சம் மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. அளவு அதே 72இல் ஒன்று. 10 மீட்டர் தள்ளிப் பிடித்தால் 720 மீட்டர் தொலைவில் நிஜ விமானம் தெரிகிற அளவில் தெரியும். இன்றைக்கும் உலகில் பெரும்பாலான விமானக் கிட்கள் 72, 48 என்ற இந்த இரண்டு கணக்குக்குள்தான் அடங்குகின்றன.

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், 1939இல் காற்றடைத்த ரப்பர் பொம்மை செய்யத் தொடங்கிய கம்பெனி. 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற பாய்மரக் கப்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வுல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. அடுத்த ஆண்டே ஸ்பிட்ஃபயர் வந்தது. சிறுவர்கள் கைச்செலவுக் காசில் வாங்க முடிந்ததால் அங்கே ஒரு தலைமுறையே இந்தப் பைகளோடு வளர்ந்தது.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துக் கதை வேறு. அங்கே டாமியா நிறுவனம் 1946இல் மரக்கடையாகத் தொடங்கியது. 1951இல் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. பிறகு மர மாதிரிகளில் இறங்கியபோது வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கிட்கள் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டன. 1960இல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அதே கப்பலைப் போட்டிக் கம்பெனி குறைந்த விலைக்கு இறக்க, கையைச் சுட்டுக்கொண்டார்கள். காப்பாற்றியது பாந்தர் டாங்கிக் கிட். அதன் 35இல் ஒன்று என்ற அளவு பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக வந்தது. பிற்காலத்தில் உலகமே அதைத் தரமாக எடுத்துக்கொண்டது! நிறுவனரின் மகன் ஷுன்சாக்கு டாமியா, ஒரு கார் கிட்டுக்காக நிஜ போர்ஷே 911ஐயே வாங்கி அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் வளர்த்த நிறுவனத்தின் கிட்டிலும் கேனபி தடிமன்தான். பிளாஸ்டிக்கை ஓரளவுக்கு மேல் மெல்லியதாக வார்க்க முடியாது.

சரி, மேசைக்கு வருவோம். பாகங்கள் ஸ்ப்ரூ எனப்படும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். திருகி உடைக்கக் கூடாது. நிப்பர் என்ற சின்ன வெட்டுக்கருவியால் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒருமுறை, பிறகு பாகத்தை ஒட்டி இன்னொருமுறை என்று இரண்டு தடவையாக நறுக்க வேண்டும். உடல் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகத்தான் வரும். இவற்றைச் சேர்க்கும் திரவத்தைக் கோந்து என்று நினைக்க வேண்டாம். அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும் கரைப்பான். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தத் திரவம் வரும் பாட்டிலின் மெல்லிய தூரிகையை விளிம்பில் தொட்டால் போதும், திரவம் தானாகவே இடுக்கு நெடுக ஓடிவிடும். சில விநாடி கழித்து லேசாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் மயிரிழைக் கோடாகப் பிதுங்கி நிற்கும். அதைத் துடைக்கத் தோன்றும். துடைக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டால் அதுவே இடுக்கை அடைக்கும் பூச்சு. பிறகு 400, 800, 1500 என்று உப்புத்தாளை மென்மையாக்கிக்கொண்டே போய்த் தேய்க்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது, தூசி மூக்கில் ஏறாது. சாம்பல் நிற பிரைமர் அடித்த பிறகுதான் கோடு போயிற்றா இல்லையா என்று தெரியும். நிஜ விமானத்தில் இல்லாத கோடு அது ஒன்றுதான். ஒரு மாதிரியில் மன்னிக்கவே முடியாதது அந்தக் கோடு என்பது என் கட்சி.

நிறமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது 14 மீட்டருக்கு மேல் தள்ளி நின்று நிஜத்தைப் பார்ப்பதற்குச் சமம். தொலைவில் நிறம் வெளிறும். ஆகவே பச்சையிலும் பழுப்பிலும் ஒரு சொட்டு வெள்ளை கலக்கிறவர்கள் உண்டு. கலக்காதவர்கள் அவர்களைத் திட்டுவதும் உண்டு. 1940 ஜூனில் விமானத்தின் அடிப்பாகத்துக்கு ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை நிறம் என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்த வேகத்தில் பெயின்ட் வந்து சேரவில்லை. கையில் கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள். அந்தக் கோடைக்கால ஸ்பிட்ஃபயரின் வயிறு சரியாக எந்த நிறம் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடையாள எழுத்துகளும் வட்டங்களும் டீக்காலாக வரும். தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், டீக்கால் காய்ந்ததும் மேலே மங்கல் வார்னிஷ். எந்தப் படைப்பிரிவு என்பது அவரவர் விருப்பம். நம்மவர்களுக்கு AZ என்ற எழுத்துகளைச் சொல்வேன். பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸின் 234ஆம் ஸ்குவாட்ரன் அது. அதன் முழுப் பெயர் ‘மதராஸ் பிரசிடென்சி’ ஸ்குவாட்ரன். போர்க்காலத்தில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று கணக்குப் போட்டுப் பிரிட்டிஷ் பேரரசெங்கும் நன்கொடை வசூலித்தார்கள். பெரிய நன்கொடை தந்த இடங்களின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டினார்கள். 1940இல் அந்த 234இல் பறந்த பாப் டோ, பின்னாளில் பர்மா போர்முனையில் இந்திய விமானப் படையின் 10ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியவர்.

இனி அழுக்கு. இறக்கையில் எட்டு துப்பாக்கி. மேலே போனால் குளிரில் உறைந்துவிடும் என்பதால் துளைகள் மேல் சிவப்புத் துணி ஒட்டுவார்கள். முதல் குண்டிலேயே துணி கிழிந்துவிடும். சிலர் சிவப்புத் துணியையும் ஒழுங்காக ஒட்டி, அதன் பின்னால் துப்பாக்கிக் கரியையும் அப்பிவிடுகிறார்கள். சுட்டதா, சுடவில்லையா? முன்னைவிட இப்போது இந்த அழுக்கு மோகம் அதிகம். சில வாரங்களே பறந்த விமானத்துக்கும் பத்து வருடத் துரு பூசுகிறார்கள், அலுமினியம் துருப்பிடிக்காது என்பதைக்கூட மறந்து.

கடைசியாக ஆன்டெனாக் கம்பி. 1940இல் புது ரேடியோ வரும்வரை, முதுகுக் கம்பத்திலிருந்து வால் நுனிவரை ஒரு கம்பி ஓடியது. அதைச் செய்ய மிச்சமிருக்கும் ஸ்ப்ரூ துண்டே போதும். மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, தொய்ந்ததும் வெளியே எடுத்து இரு பக்கமும் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். ஒட்டியபின் தொளதொளவென்று தொங்கினால், கொளுத்திய ஊதுபத்தியைப் படாமல் அருகில் கொண்டுபோங்கள். சுருங்கி விறைத்துக்கொள்ளும். ஒரு நொடி அதிகமானால் அறுந்துவிடும். இன்னொன்று இழுத்துக்கொள்ளலாம். அதில்கூட ஒரு திருட்டுத்தனம் உண்டு. நிஜ அளவுக்குச் சரியான கம்பி தெரியவே தெரியாது என்பதால் கொஞ்சம் தடிமனான இழையைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1963இல் பிரிட்டனில் தொடங்கிய சர்வதேச பிளாஸ்டிக் மாடலர் சங்கத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. போட்டிகளும் நடக்கின்றன. அமெரிக்கக் கிளையின் நடுவர்கள் நிறம் சரியா, அந்த எழுத்து அந்த வருடத்துக்குப் பொருந்துமா என்றெல்லாம் முதலில் பார்ப்பதில்லை. சின்ன டார்ச்சோடு குனிந்து, ஒட்டுக்கோடு தெரிகிறதா, இரண்டு இறக்கையும் ஒரே கோணத்தில் ஏறுகிறதா, சக்கரம் தரையில் பதிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ‘ஸ்கை’ நிறத்துக்காக நூல்களைப் புரட்டித் தூக்கம் கெட்டவர்கள் இதில் தோற்பது சகஜம். தோற்றவர்கள் வீட்டுக்குப் போய் அடுத்த பெட்டியைத் திறக்கிறார்கள். அலமாரியில்தான் பிரிக்காத பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லையே!