வெறுங்காலும் பூட்சும்

ஒரு காற்பந்தாட்டக் குழுவின் பருவம் என்பது அக்குழு ஓராண்டில் ஆடிய ஆட்டங்களின் கணக்கு மட்டும் அன்று. அதற்கு முன் பல்லாண்டுகள் செய்த பயிற்சியின் விளைவுமாகும். இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று, 1911-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் மோகன் பகான் குழு ஆடிய பருவமே எனலாம். அது கல்லூரிக் குழு அன்று. எனினும் அதன் வரலாறு கல்லூரிகளோடு பிணைந்தது. ஆதலின் மாணவராகிய நாம் அதனை அறிதல் பயனுடைத்து.

வங்காளத்து இந்தியரிடையே இவ்விளையாட்டு வேரூன்றியது பள்ளி கல்லூரி மைதானங்களிலேயாம். 1877-இல் ஹேர் பள்ளி மாணவராயிருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவர் தம் தோழரைத் திரட்டிப் பந்தாடத் தொடங்கினார். அருகிலிருந்த பிரசிடென்சி கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவர்கட்கு ஆட்டமுறையைக் கற்பித்தார் என்பர். 1889-இல் மோகன் பகான் சங்கம் தோன்றியது. 1893-இல் ஐ. எப். ஏ. கேடயப் போட்டி ஏற்பட்டது. அதில் பெரும்பாலும் ஆங்கிலப் பட்டாளத்தாரும் ஐரோப்பியக் கழகத்தாருமே வென்று வந்தனர்.

மோகன் பகான் குழுவினர் ஒரே நாளில் உயர்ந்தாரல்லர். பட்டாளத்தில் சுபேதார் மேஜராக விளங்கிய சைலன் பாசு என்பார் சங்கத்தின் காரியதரிசியாகி, ஆட்டக்காரர்க்கு ஒழுங்கான உடற்பயிற்சியை விதித்தார். அதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1905-இல் கிளாட்ஸ்டன் கோப்பையும், 1906, 1907, 1908 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையும் அவர்கள் கைவசமாயின.

கேடயப் போட்டி, தோற்றவர் உடனே விலகும் முறையினது. ஒரு நாள் தளர்ந்தாலும் அவ்வாண்டின் முயற்சி முழுதும் வீணாம். 1911 ஜூலையில் மூன்று வாரத்திற்குள் மோகன் பகான் ஆறு ஆட்டங்கள் ஆடியது. முதலில் எதிர்த்தவர் தூய சவேரியார் கல்லூரியினர். அவர்களை 3-0 என வென்றனர். அடுத்து ரேஞ்சர்ஸ் குழுவை 2-1 எனவும், ரைபிள் பிரிகேட் குழுவை 1-0 எனவும் வென்றனர். மிடில்செக்ஸ் படையினரோடு ஆடிய அரையிறுதி 1-1 எனச் சமமாயிற்று. மீண்டும் ஆடியபோது 3-0 என வெற்றி கிட்டியது.

ஜூலை 29-ஆம் நாள் இறுதியாட்டம். எதிரிகள் கிழக்கு யார்க்ஷயர் படையினர். வெளியூர்களிலிருந்தும் திரண்ட மக்கள் கூட்டத்தில் பல்லாயிரவர்க்கு ஆட்டமே கண்ணுக்குப் புலப்படவில்லை; காற்றாடிகளைப் பறக்கவிட்டே கோல் எண்ணிக்கையை அவர்கட்கு அறிவித்தனர். இடைவேளைக்குப் பின் படையினர் முதற் கோலை அடித்தனர். தலைவர் சிவதாஸ் பாதுரி அதனை ஈடு செய்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாம் கோலை அடிக்க, கேடயம் முதன்முதலாக இந்தியக் குழு ஒன்றைச் சேர்ந்தது. வங்கப் பிரிவினையால் 1905 முதல் மனம் புண்பட்டிருந்த மக்களுக்கு இவ்வெற்றி விளையாட்டினும் பெரிதொன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அக்குழுவின் அமைப்பையும் ஈண்டுக் காண்பாம். கோல் காப்பவர் ஒருவர். பின்வரிசையில் இருவர், நடுவரிசையில் மூவர், முன்வரிசையில் ஐவர். இவருள் மாணவரும் இருந்தனர், எழுத்தரும் இருந்தனர். பின்வரிசையில் நின்ற சுதீர் சாட்டர்ஜி பவானிப்பூர் லண்டன் மிஷன் கல்லூரியின் ஆசிரியர்; கிறிஸ்தவர்; பின்னாளில் குருப்பட்டமும் பெற்றவர். பதினொருவருள் பூட்ஸ் அணிந்து ஆடியவர் இவர் ஒருவரே. ஏனைப் பதின்மரும் வெறுங்காலினர்.

இவ்வெறுங்காலைப் பற்றியே பலரும் வியந்து பேசுவர். குஜிலியம்பாறை போன்ற வானம் பார்த்த பூமியிற் பிறந்தார்க்கு இதில் வியப்பொன்றும் தோன்றாது. அறுவடை முடிந்த புன்செய்க் காட்டில் நம் சிறுவர் ஆடுவது வெறுங்காலோடுதானே! காய்ந்த தரையில் வெறுங்கால் விரைவும் பந்தின்மேல் ஆட்சியும் தரும். ஆனால் மழை பெய்து தரை சேறாகுமாயின் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸ் அணிந்தவன் கால் ஊன்றி நிற்கும். கல்கத்தாவின் ஆட்டப் பருவமோ மழைப் பருவம். ஆகவே வெறுங்கால் அவர்க்குத் துணையாயிருந்ததினும் தடையாயிருந்ததே மிகுதி என்பது எம் கருத்து. அத்தடையையும் மீறி அவரை வெல்வித்தது பயிற்சியே.

பின்வந்த நிகழ்ச்சிகளும் இதனையே வலியுறுத்தும். வேறோர் இந்தியக் குழு அக்கேடயத்தைப் பெறக் கால் நூற்றாண்டு சென்றது. 1936-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அதனைப் பெற்றது. மோகன் பகானுக்கோ 1947 வரை அது மீண்டும் கிட்டவில்லை. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில், மருத்துவ மாணவராகிய நாகர் தலிமேரன் ஆவ் தலைமையில் நம்மவர் பலர் வெறுங்காலோடே ஆடி, பிரான்சுக் குழுவிடம் 2-1 என்ற சிறு வேறுபாட்டில் தோற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியா 10-1 என வென்றது. அதன் பின்னரே இந்திய ஆட்டக்காரர்க்குப் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

வெறுங்காலைப் புகழ்ந்து பாடுவது எளிது. வெறுங்காலோடு ஆடும் சிறுவனுக்குப் பூட்சும் பயிற்சியும் தருவது அரிது. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் அவர்கள் ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியது, விளையாட்டையும் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணத்தினாலன்றோ? சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருட் பலர், பந்தாட்டத்தில் வல்லவராயிருந்தும், கருவியின்மையால் மைதானத்தின் ஓரத்தே நின்றுவிடுகின்றனர். கல்லூரிகள் தம் விளையாட்டு நிதியை ஒதுக்குங்கால், கோப்பைகட்கு முன்னர் இவர்தம் கால்களை நினைக்க வேண்டும். ஒரு பருவத்தின் வெற்றி அப்பருவத்திற்கு நெடுநாள் முன்பே இவ்விடத்தில் தொடங்குகின்றது.