கடல் மீனுக்கு நல்ல தண்ணீர்

வண்ண மீன் வாங்க மும்பையின் பல மூலைகளிலிருந்தும் எங்கள் குர்லாவுக்கு வருகிறார்கள். இங்கேயே குடியிருக்கும் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததில் வியப்பில்லை. சிறு வயதில் மரின் டிரைவில், 1951-இல் திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன் காட்சியகத்தில், கடல் மீன்களைப் பார்த்ததிலிருந்தே ஆசை. இப்போது கூடத்தில் 100 லிட்டர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது.

அதில் உயிருள்ள பவளம் கிடையாது. 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடையில் ரகசியமாகத் தந்தாலும் வாங்குவது குற்றம். பீங்கான் பாறைகளும் இரண்டு கோமாளி மீன்களும் எனக்குப் போதும். கோமாளி மீனை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் குஞ்சு பொரிக்க வைத்தே வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை.

நிற்க. சில வருடங்களுக்கு முன் கோயில் கொடைக்காக 12 நாள் திருநெல்வேலி போயிருந்தோம். "தண்ணி குறைஞ்சா ஊத்திடு தம்பி" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு மீன் மிதந்தது. "கடல் மீனாச்சே அண்ணாச்சி, உப்புத் தண்ணிதானே ஊத்தணும்னு நெனச்சேன்" என்றான். நான் கலந்து வைத்திருந்த உப்புநீரைத் தினமும் 2 லிட்டர் ஊற்றியிருக்கிறான். தவறு என்னுடையது, எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பளத்தில் வெயில் நீரைத்தான் கொண்டுபோகும், உப்பு அப்படியே தங்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. என் தொட்டியில் மொத்தம் 3500 கிராம். பையன் ஊற்றிய 24 லிட்டரோடு 840 கிராம் கூடிவிட்டது. லிட்டருக்கு 43 கிராமுக்கும் மேல்! சாம்பார் சுண்டினால் வெந்நீர்தானே விளாவுகிறோம், உப்பையா போடுகிறோம்? ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் சேரவேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

இதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு மாடித் தொட்டியில் இருக்கும் அதே மிதவை வால்வுதான், அளவில் மட்டும் சிறியது. ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்துக்குள் இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் வால்வு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பித்தளை வேண்டாம், உப்புநீரில் அரித்துச் செம்பு கலந்தால் நத்தை, இறால் எல்லாம் செத்துப்போகும். தொட்டியைவிட உயரமான அலமாரியில், அடியில் குழாய் வைத்த 10 லிட்டர் வாளி. அதிலிருந்து மெல்லிய ஆர்.ஓ. டியூப் வால்வுக்கு வருகிறது. உப்பின் அளவைச் சோதித்துச் சரிசெய்த பிறகு, அப்போதுள்ள நீர்மட்டத்தில் மிதவையைப் பொருத்தவேண்டும். மட்டம் சற்று இறங்கினால் வால்வு திறக்கும், ஏறினால் மூடும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. சிறு பம்பும் மிதவை ஸ்விட்சும் வைத்துச் செய்வோரும் உண்டு. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் பம்பு நிற்காது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

வால்வும் ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் வாளி 10 லிட்டருக்கு மேல் இல்லை. முழுவதும் கொட்டினாலும் உப்பு 35-லிருந்து 32-க்குத்தான் இறங்கும், மீன் தாங்கும். என் இரண்டரை அடித் தொட்டியில் மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் உயரும். அதற்காக மேலே 5 சென்டிமீட்டர் காலி விட்டிருக்கிறேன். சோம்பல்பட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் குழாயையே நேராக இணைத்துவிடாதீர்கள். வால்வு கெட்டால் அதற்கு முடிவே இல்லை, கீழ்வீட்டுக்காரரோடு சண்டைதான். மாநகராட்சித் தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் கூடாது, குளோரின் இருக்கும்.

மிதவையின் கீலில் உப்புப் படியும். வாரம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசுகிறேன். கோடையில் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி ஓடும்போது வாளி ஐந்து நாளில் காலி. மழைக்காலத்து ஈரத்தில் அதைவிட நெடுநாள் வரும்.

ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள். இப்போது பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரே வேலை: நான்கு நாளைக்கு ஒருமுறை வாளியில் போட்ட கோடுவரை குடிக்கும் தண்ணீர் நிரப்புவது. உப்பு டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டேன்.